மலையின் மேல் பழி போடாதீர்கள்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் செல்போனில் சிக்னல் வரும், அடுத்த வளைவில் போய்விடும். மேலே பழையூர்ப் பக்கம் வாழையும் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் ஒரு விவசாயி எனக்குப் பல வருடப் பழக்கம். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். போன தை மாதம் ஊருக்குள் வந்தவர் என் கடையில் வந்து உட்கார்ந்தார். மலைவாழை பற்றி ஒரு பழைய புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், 180 எம்பி. நாலு ராத்திரி முயன்றும் இறங்கவில்லையாம்.

"முக்கால்வாசி எறங்கிருது தம்பி. அப்புறம் அத்துப் போகுது. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. மலையில நெட்டு நிக்காது, என்ன செய்ய?"

புத்தகத்தை அவர் பொழுதுபோக்குக்காகத் தேடவில்லை. முடிக்கொத்து நோய் என்ற பெயரைச் சிறுமலையில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. 1970களில் இந்த மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழைத் தோட்டங்களை அழித்த வைரஸ் நோய் அது. அசுவினிப் பூச்சி பரப்பும். வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும், நோயில்லாத கன்றைத் தேடி நட வேண்டும். இன்று புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழையைத் திரும்பக் கொண்டுவர நினைக்கும் ஒருவருக்கு, அன்று என்ன நடந்தது என்று எழுதிவைத்த புத்தகம் தோட்டத்து மண்வெட்டி மாதிரி அவசியமான பொருள்.

அவர் சொன்ன அந்த "என்ன செய்ய"வை நான் தினமும் கேட்கிறேன். ஆசிரியர்கள் சொல்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் சொல்கிறார்கள், கணினி படித்துச் சம்பளம் வாங்குகிறவர்களும் சொல்கிறார்கள். டவுன்லோடு பாதியில் அறுந்தால் அந்தப் பாதி வீண், முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அறுவதற்குக் காரணம் மலை. மலைக்கு டவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக ஊறிவிட்டதால் யாரும் இதை நம்பிக்கை என்றுகூட நினைப்பதில்லை. மழை பெய்தால் நனைவோம் என்பது மாதிரி இயற்கை விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். இது தவறு. பாதி இறங்கிய கோப்பு வீணாக வேண்டிய அவசியம் இணையத்தின் விதியில் 1997 முதலே கிடையாது.

இந்தத் தவறு மலைக்காரரிடம் எவ்வளவு பிடுங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 100 கேபி வேகம் கிடைக்கிறது என்று வையுங்கள். தடங்கலே இல்லாவிட்டால் 180 எம்பி 30 நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்ல முடியாதபடி, தொடர்பு அறுகிறது. ஒரு முயற்சி 30 நிமிடமும் அறுபடாமல் ஓடுவதற்கான வாய்ப்பு நூற்றில் 5 தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் கோப்பு முழுசாகக் கைக்கு வரச் சராசரியாக 190 நிமிடம் ஆகும். அதற்குள் போன் இழுத்துத் தள்ளியிருக்கும் டேட்டா ஏறக்குறைய 1,145 எம்பி. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு, 180 எம்பி புத்தகம் ஒன்றுக்காக அன்றைய பேக்கில் முக்கால் பங்கு போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அதே 30 நிமிடம், அதே 180 எம்பி. அறுந்த தொடர்பு திரும்ப ஒட்டும் நேரம் மட்டும் கூடுதல்.

வேகம் கூடினால் தீர்ந்துவிடும் என்பவர்கள் இதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கட்டும். வேகம் இரட்டிப்பானால் 180 எம்பிக்கு 35 நிமிடம் போதும், உண்மைதான். ஆனால் வேகம் கூடிய பிறகு கோப்பு அதே அளவில் நிற்கிறதா? பத்து வருடத்துக்கு முன்னால் 40 எம்பியில் வந்த ஸ்கேன் புத்தகம் இன்று வண்ணத்தில் 400 எம்பி. வேகமும் இரட்டிப்பு, கோப்பும் இரட்டிப்பு என்றால் மறுபடியும் அதே 190 நிமிடம். டேட்டா மட்டும் 2,290 எம்பி. அன்றைய பேக் பாதி வழியிலேயே தீர்ந்திருக்கும்.

விதி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிக்கு எச்டிடிபி என்று பெயர். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்க வழியில்லை. 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068 என்ற எண்ணோடு வந்த எச்டிடிபி 1.1இல் வழி வந்துவிட்டது. அதன் பெயர் ரேஞ்ச். 2014இல் இதற்கென்றே தனி ஆவணம் போட்டார்கள், ஆர்எஃப்சி 7233. 2022இல் ஆர்எஃப்சி 9110க்குள் சேர்த்தார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி. அதற்கு ஒன்றரை வருடத்துக்குள் வந்த ஏற்பாடு இது. அன்று உலகம் முழுக்க டெலிபோன் கம்பியில் இணையம் பார்த்தார்கள், வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் தொடர்பு அறுந்தது. தொடர்பு அறும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது.

நீங்களும் இதைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள். ஒரு சினிமாப் பாட்டு வீடியோவில் பல்லவியைத் தள்ளிவிட்டுச் சரணத்துக்கு விரலால் இழுக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கணத்தில் பிரௌசர் "இந்த இடத்திலிருந்து கொடு" என்றுதான் கேட்கிறது. பாட்டுக்குக் கிடைக்கும் வசதி புத்தகத்துக்கு இல்லை என்று யார் சொன்னது?

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தது. டெபியன் வழி வந்த எதிலும் பெர்ல் இருக்கும். பெர்ல் செத்த மொழி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். லாரி வால் 1987இல் வெளியிட்ட அந்த மொழி, வீட்டில் ஏற்கெனவே இருந்த கருவியில், ஒரு ரூபாய் செலவில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். ஒரு நாற்பது வரி எழுதினேன்.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "முடியாது" என்பவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. முதல் வேலை, டிஸ்கில் கிடக்கும் பாதிக் கோப்பின் அளவைக் கேட்பது. பெர்லில் ஒரு கழித்தல் குறியும் ஒரு எஸ் எழுத்தும் போட்டால் அளவு வந்துவிடும். 41943040 பைட் இருக்கிறது என்று வையுங்கள். பைட்டுகளைச் சுழியத்திலிருந்து எண்ணுவது வழக்கம். ஆகவே கையில் இருப்பவை 0 முதல் 41943039 வரை; அடுத்து வேண்டியது 41943040. சர்வருக்கு அனுப்பும் வேண்டுகோளில் ஒரே ஒரு வரி சேர்கிறது: ரேஞ்ச்: பைட்ஸ்=41943040-. கோட்டுக்குப் பின்னால் எண் இல்லையென்றால் "இங்கிருந்து கடைசி வரை" என்று பொருள். சர்வர் ஒத்துக்கொண்டால் 206 என்ற எண்ணோடு பதில் வரும். கூடவே எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை அனுப்புகிறேன், மொத்தம் எவ்வளவு என்று ஒரு வரியும் வரும்: 41943040-180355071/180355072. அந்த முதல் எண் நாம் கேட்டதுதானா என்று பார்த்துவிட்டு, பாதிக் கோப்பின் வாலில் புதிய பைட்டுகளை ஒட்ட வேண்டும். அறுந்தால் பத்து வினாடி சும்மா இருந்துவிட்டு மறுபடி அளவைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சர்வர் 206க்குப் பதில் 200 என்று சொன்னால், "நீ கேட்ட துண்டு கிடையாது, முழுக் கோப்பையும் முதலிலிருந்து தருகிறேன்" என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் வாலில் ஒட்டினால் கோப்பு கெட்டுப்போகும். என் முதல் முயற்சியில் அந்தச் சோதனையை எழுதாமல் விட்டேன். ஒரு கோப்பு சொன்ன அளவைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது, திறக்க மறுத்தது. அடுத்தது, நேற்று பாதி எடுத்த கோப்பை இன்று தளத்துக்காரர்கள் மாற்றியிருக்கலாம். பழைய தலையில் புதிய வாலை ஒட்டிவிடக் கூடாது. அதற்கும் அந்த விதியிலேயே ஏற்பாடு இருக்கிறது. முதல்முறை சர்வர் கொடுத்த ஈடேக் அடையாளத்தைக் குறித்துவைத்து, "கோப்பு இன்னும் அதே கோப்பாக இருந்தால் மட்டும் துண்டைக் கொடு, மாறியிருந்தால் முழுசாகக் கொடு" என்று கேட்கலாம். இஃப்-ரேஞ்ச் என்பது அதன் பெயர். இத்தனையும் யோசித்து எழுதப்பட்ட ஒன்றைத்தான் நாம் இருப்பதே தெரியாமல் விட்டிருக்கிறோம்.

பெர்ல் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. டபிள்யூகெட் என்ற சின்ன நிரலில் மைனஸ் சி என்று சேர்த்தால் இதே வேலையைச் செய்யும். கர்ல் செய்யும். குரோமும் ஃபயர்ஃபாக்சும் பாதிக் கோப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொண்டு, தொடர்வதற்கு ஒரு பொத்தானும் காட்டும். நம் ஆட்கள் முதலில் செய்வது அந்தப் பாதிக் கோப்பை அழிப்பதுதான்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவரோடு மேலே போனேன். சிறுமலையில் சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து எலுமிச்சையையும் வாழையையும் இன்றும் குதிரை முதுகில்தான் சாலைக்குக் கொண்டுவருகிறார்கள். பத்து குதிரையில் நாலு வந்து சேர்ந்து, ஐந்தாவது ஓடையில் கால் இடறி நின்றுவிட்டால், வந்த நாலையும் திருப்பித் தோட்டத்துக்கு அனுப்பும் மனிதர் இந்த மலையில் யாரும் இல்லை. நின்ற குதிரையைப் போய்க் கூட்டிவருவார்கள். இதை நான் அண்ணனிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்த சரக்கை எண்ணத் தெரியலையா தம்பி?" என்று கேட்டார். எண்ணத் தெரியும், நாம் எண்ணச் சொல்லவில்லை என்றேன்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடவிட்டோம். போனைத் திண்ணைத் தூணில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சாத்தி வைத்தால்தான் சிக்னல் வரும் என்பதால் அங்கேயே வைத்து, மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்தோம். ஒவ்வொரு முறை அறும்போதும் நிரல் ஒரு வரி எழுதும். காலையில் எண்ணியபோது பதினொரு வரி இருந்தது. பதினொரு முறை அறுந்திருக்கிறது. புத்தகம் முழுசாக இருந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிக்கொத்து நோய் அத்தியாயத்தைத் தேடி எடுத்தார்.

மலையில் நெட் நிற்கவில்லை என்பது உண்மை. பதினொரு முறை நிற்கவில்லை. ஆனாலும் புத்தகம் வந்தது.

அதே ராத்திரி இன்னொரு கோப்பும் வரிசையில் இருந்தது. அண்ணன் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு பயிற்சி மையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்களை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். அதே மடிக்கணினி, அதே போன், அதே திண்ணை. காலை வரை ஓடியும் அது வரவில்லை. நிரல் எழுதிவைத்த வரிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாங்கள் துண்டு கேட்டிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் அந்த சர்வர் 200 என்று சொல்லி முதலிலிருந்து அனுப்பியிருக்கிறது. அதுவும் அறுந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்ததோ இரண்டு வருடத் தாள்கள் மட்டும். ஜிப் கோப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. துண்டு கொடுக்கும் சர்வராக இருந்தால் வால் பகுதியில் சில கேபியை மட்டும் வாங்கி, எந்தத் தாள் எந்த பைட்டில் இருக்கிறது என்று பார்த்து, வேண்டிய தாளை மட்டும் எடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

ஒரே மலை, ஒரே சிக்னல், ஒரே ராத்திரி. ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. இதற்குப் பிறகும் மலையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மையத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். "உங்கள் பகுதியில் சிக்னலைச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு பதில் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கோப்பை அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் மாதிரி சர்வர் மென்பொருளில் அப்படியே வைத்தால் போதும், துண்டு கேட்டால் துண்டு கொடுக்கும். அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இவர்கள் வேலை மெனக்கெட்டு அதைக் கெடுத்திருக்கிறார்கள். கோப்புக்கு முன்னால் ஒரு நிரலை நிறுத்தி, எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணுவதற்காக அதன் வழியாக மட்டும் கோப்பை அனுப்புகிறார்கள். அந்த நிரலை எழுதியவர் ரேஞ்ச் வரியைப் படிக்கவே இல்லை. சில தளங்களில் இணைப்பு கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும்; மறுபடி தொடரப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். சில தளங்களில் ஒவ்வொரு சொடுக்குக்கும் கோப்பைப் புதிதாகக் கட்டித் தருவார்கள். நேற்றைய பைட்டும் இன்றைய பைட்டும் ஒன்றாக இருக்காது. வேகமான கம்பி இணைப்பில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. அவருக்கு எப்போதும் முதல் முயற்சியிலேயே வந்துவிடுகிறது.

சர்வர் வைத்திருப்பவர்கள் சொல்லும் நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். ரேஞ்ச் கட்டாயம் இல்லை, சர்வர் விரும்பினால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று விதியே சொல்கிறது என்பார்கள். சரிதான், சொல்கிறது. கட்டாயம் இல்லை என்பதற்காகப் பேருந்தில் பெரியவருக்கு இடம் கொடுக்காமல் இருக்கிறோமா? இரண்டாவது நியாயம் பயம். 2011 ஆகஸ்டில் ஒரு பெர்ல் நிரல் வெளியானது. ஒரே வேண்டுகோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஏராளமான துண்டுகளைக் கேட்டு, அப்பாச்சி சர்வரின் நினைவகத்தைத் தீர்த்து முடக்கிவிடும். அப்பாச்சி கில்லர் என்று அதற்குப் பெயரே வந்தது. அவசரத்துக்கு ரேஞ்ச் வரியை வடிகட்டிவிடுங்கள் என்று அப்போது சொன்னார்கள். ஆனால் அதே மாதம் 30ஆம் தேதி திருத்திய அப்பாச்சி 2.2.20 வந்துவிட்டது. இன்றைய அப்பாச்சியில் ஒரு வேண்டுகோளில் எத்தனை துண்டு கேட்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது, இயல்பாக 200. விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் கேட்பது ஒரே ஒரு துண்டு. 2011இல் யாரோ செய்த விஷமத்துக்காகப் பழையூர்ப் பிள்ளையின் வினாத்தாளை மறிப்பது என்ன நியாயம்?

உண்மையில் துண்டாகக் கேட்பவர் சர்வருக்குச் செய்வது உதவி. என் கணக்கில் மலையில் ஒருவர் முதலிலிருந்து இறக்கினால் சர்வர் அனுப்புவது 1,145 எம்பி, தொடர்ந்து இறக்கினால் 180 எம்பி. அந்த வித்தியாசத்துக்கும் அவர்கள்தான் மாதம் பிறந்தால் பணம் கட்டுகிறார்கள்.

டவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். பிரசவ வலிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடவே தூணுக்குத் தூண் சிக்னல் தேடும் நிலை கூடாது. ஆனால் டவர் வந்த பிறகும் மழை நாளில் அறும், கரண்டு போனால் அறும், நூறு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் அறும். திண்டுக்கல் ஊருக்குள்ளேயே என் கடையில் அறுகிறது. அறுவதைத் தாங்கும்படி கோப்பை வைப்பது சர்வரில் அரை நாள் வேலை. டவர் வரட்டும் என்று அந்த அரை நாள் வேலையை வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். மலையில் இருப்பவர்களும் "நம்ம தலையெழுத்து" என்று பஸ் ஏறிக் கீழே வந்து, பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு நாள் கூலி அதில் போகிறது.

கோப்புகளை ஊருக்குக் கொடுக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். பாடநூல் போடுகிறவர்கள், விண்ணப்பப் படிவம் போடுகிறவர்கள், பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து போடும் நல்லவர்கள் எல்லோரும் உங்கள் தளத்தில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கோப்பில் ஒரே ஒரு பைட்டை மட்டும் கேளுங்கள்: ரேஞ்ச்: பைட்ஸ்=0-0. 206 வந்தால் மலைக்காரருக்கு உங்கள் கோப்பு போய்ச் சேரும். 200 வந்தால் உங்களுக்குத் தளம் செய்துகொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தளம் செய்ய ஒப்பந்தம் போடும்போதே இந்த ஒரு வரியையும் எழுதி வாங்குங்கள். பாதி இறங்கிய கோப்பு கையில் இருப்பவர்களே, அதை அழிக்காதீர்கள்.

அந்தப் பயிற்சி மையத்தின் தளத்தில் இன்று காலையும் ஒரு பைட் கேட்டுப் பார்த்தேன். 200தான் வந்தது.